முதல் குரூசர் பைக்: ஓட்டிப் பார்க்கும் முன் தள்ளிப் பாருங்கள்

ஆடி பிறந்த மூன்றாம் நாள் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, குரூசர் எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். ஷோரூம்ல ஏறி உட்கார்ந்து பாத்தேன், ரெண்டு காலும் நல்லா ஊணுது. புக் பண்ணிடவா?”

“தள்ளிப் பாத்தியா?” என்று கேட்டேன்.

“தள்ளியா? எதுக்கு மாமா?”

அதுவரை அவன் ஓட்டியது அப்பாவின் ஸ்பிளெண்டர். அது 112 கிலோ. அவன் பார்த்து வைத்திருந்த குரூசர், ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, 191 கிலோ. நடுவில் 79 கிலோ, அதாவது ஒரு வளர்ந்த ஆள். வண்டி ஓடும்போது அந்த ஆள் இருப்பதே தெரியாது. வீட்டு வாசல் சரிவிலும் பெட்ரோல் பங்க் வரிசையிலும் கல்யாண மண்டபத்து நெரிசல் பார்க்கிங்கிலும் அவரைத் தாங்கிப் பிடிப்பது உங்கள் இரண்டு கையும் காலும்தான். புதிதாகக் குரூசர் எடுத்தவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் இப்படி நடை வேகத்தில்தான்.

“ஆடியில் வேண்டாம், ஆவணியில் எடுத்துக்கொள்” என்று அக்கா சொல்லிவிட்டதால் எங்களுக்கு ஒரு மாதம் கிடைத்தது. அந்த ஒரு மாதத்தில் நாங்கள் பார்த்ததையும் பழகியதையும் வரிசையாக எழுதுகிறேன். 100, 125 சிசி வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கும் இனிமேல்தான் கியர் வண்டி கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம், எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், பின்னால் யார் உட்கார்ந்தார்கள், வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள். அவன் நோட்டில் இருந்தது இதுதான்: தினமும் வேலைக்குப் போக வர 22 கிலோமீட்டர், திருச்சி நகருக்குள். வாரத்தில் மூன்று நாள் அம்மாவைக் கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ கூட்டிப்போவது. மாதம் ஒருமுறை வெளியூர். வண்டி நிற்பது வீட்டுக்குள். தெருவை விட வாசல் ஒன்றரை அடி உயரம்.

அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்தது நான்குவழிச் சாலையும் மலைப்பாதையும். நோட்டில் இருந்ததோ அம்மா, மார்க்கெட், வாசல் சரிவு. நெடும்பயண ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. முப்பது நாளில் இருபத்தெட்டு நாள் எப்படி ஓடப்போகிறதோ அதற்கு வண்டி முதலில் ஒத்துவர வேண்டும்.

குரூசர் உங்கள் உடம்பை எப்படி உட்கார வைக்கும்

தாழ்ந்த சீட், அகன்ற ஹேண்டில், முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், நீளமான உடல். இவ்வளவும் சேர்ந்ததுதான் குரூசர். சாதாரண வண்டியில் கால் நம் இடுப்புக்கு நேர் கீழே இருக்கும். பள்ளம் வந்தால் நம்மை அறியாமலே காலை ஊன்றி லேசாக எழுந்துவிடுவோம். அடி முதுகுக்கு ஏறாது. குரூசரில் கால் முன்னால் நீட்டியிருக்கும். எழ முடியாது. நம் ஊர்த் தெருக்களில் வெள்ளைக்கோடுகூட இல்லாமல் போட்டு வைத்திருக்கும் வேகத்தடைகள் ஒவ்வொன்றும் நேராக வால் எலும்பில் இறங்கும். முதுகு வலி ஏற்கெனவே இருப்பவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குரூசரில் வேகத்தடைக்கு வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

அடுத்தது நீளம். இரண்டு சக்கரத்தின் அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். ஸ்பிளெண்டரில் 1236 மி.மீ., மீட்டியோரில் 1400, பஜாஜ் அவெஞ்சர் 220-இல் 1490, சூப்பர் மீட்டியோர் 650-இல் 1500. இது கூடக் கூட நேர்ச்சாலையில் வண்டி ரயில் மாதிரி ஆடாமல் போகும். அதே அளவுக்குச் சந்தில் திருப்புவது கடினமாகும். ஒரே தடவையில் திரும்பிய தெருவில் ஒருமுறை பின்னால் தள்ளித் திருப்ப வேண்டி வரும்.

இத்தனைக்கும் ஈடாக வண்டி தருவது இழுவை. மீட்டியோரின் 349 சிசி இன்ஜினுக்கு 20 குதிரைத்திறன்தான். ஆனால் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போதே வந்துவிடும். இன்ஜினை அலற விடாமல், அடிக்கடி கியரை மாற்றாமல், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறலாம். புதிதாக ஓட்டுபவர்களுக்கு இது உண்மையான வசதி. கிளட்சைக் கொஞ்சம் தப்பாக விட்டாலும் வண்டி சட்டென்று நின்றுவிடாது.

காலும் எடையும்

சீட் உயரம் என்று பிரசுரத்தில் ஓர் எண் இருக்கும். மீட்டியோர் 350-க்கு 765 மி.மீ., அவெஞ்சருக்கு 737, ஜாவா 42 பாபருக்கு 740, கிளாசிக் 350-க்கு 805. இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் எட்டும் தூரம் குறையும். அதனால் தினமும் போடும் செருப்பு அல்லது ஷூவோடு போய் உட்காருங்கள். இரண்டு பாதமும் குதிகால் வரை தரையில் படிய வேண்டும். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் இன்னும் நல்லது. நுனிவிரலில் நிற்கிறீர்கள் என்றால் முதல் வண்டியாக அது வேண்டாம்.

பிறகு சைடு ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள். விற்பனையாளர் பிடித்துக்கொள்கிறேன் என்பார். பக்கத்தில் நிற்கட்டும், கை வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நிமிர்த்திய வண்டியை இடதுபக்கம் நின்றபடி பத்தடி முன்னால், பத்தடி பின்னால் தள்ளுங்கள். ஹேண்டிலை முழுதாக ஒடித்து ஒரு அரைவட்டம் போடுங்கள். பின்பு ஏறி உட்கார்ந்து, காலால் உந்தியே பின்னோக்கி நகர்த்துங்கள். மூச்சு வாங்குகிறதா, எந்த இடத்தில் வண்டி உங்களை விட்டு அந்தப்பக்கம் சாயப் பார்க்கிறது என்று கவனியுங்கள். இந்தப் பத்து நிமிடம் சொல்வதை எந்த விமர்சனமும் சொல்லாது.

ஷோரூம் தரை சமதளம், டைல்ஸ் வழவழப்பு. அங்கே எந்த வண்டியும் நகரும். அக்கா மகனுக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னோம், கொண்டுவந்தார்கள். வாசலில் சிமென்டுச் சரிவு மூன்றடி நீளம், ஒன்றரை அடி ஏற்றம். பாதி ஏறியதும் அவன் கை நடுங்கியது. முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினான். எடை முழுக்கப் பின்சக்கரத்துப் பக்கம் இருந்ததால் பிரேக் பிடித்த முன்சக்கரமே பின்னால் வழுக்கியது. நானும் அவன் அப்பாவும் பிடித்துக்கொண்டோம். அவனுக்கு முகம் வாடிவிட்டது. சரிவில் வண்டி ஏற்றும் முறை வேறு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நாம் பக்கத்தில் நடக்க வேண்டும், முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு வண்டியையே ஏற வைக்க வேண்டும். நாலாம் முறை தனியாக ஏற்றினான். ஆனாலும் அந்தச் சரிவு ஆபத்துதான் என்று புரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, உள்பக்கமாகத் தரையை இறக்கிச் சரிவை ஆறடியாக நீட்டினோம். மேலே கோடு கீறிச் சொரசொரப்பாக விட்டார். வண்டி வாங்குவதன் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாகக் கனமான வண்டியைக் கீழே போட்டதும் நிற்கும்போதுதான். பங்க்கில் வரிசை நகர்ந்தது. ஹேண்டில் ஒருபக்கம் திரும்பியிருந்த நிலையில் வண்டி மெல்ல உருண்டது. பழக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினேன். திரும்பியிருக்கும் சக்கரத்தில் முன் பிரேக் பிடித்தால் எடை முழுவதும் அந்தப் பக்கமே சாயும். ஒரு நொடி தாங்கினேன், பிறகு முடியவில்லை. அன்றிலிருந்து நடை வேகத்தில் பின் பிரேக் மட்டும்தான்; முன் பிரேக்கைத் தொடுவதென்றால் ஹேண்டிலை நேராக்கிவிட்டுத்தான்.

விழுந்த வண்டியைத் தூக்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சாவியை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி விடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் அந்தப்பக்கம் சாய்ந்துவிடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டோடு ஒட்டிக் குந்துங்கள். ஒரு கையில் ஹேண்டில், மறுகையில் பின்னால் உள்ள பிடிகம்பி. குனிந்து முதுகால் தூக்காமல், காலால் உந்தி, சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

350-ஆ, அதற்கு மேலா

நம் நாட்டில் கியருள்ள மோட்டார்சைக்கிளுக்கு ஒரே உரிமம்தான். 100 சிசியில் எட்டு போட்டு உரிமம் வாங்கியவர், மறுநாளே 650 சிசி ஓட்டலாம்; சட்டம் தடுக்காது. அதனால் எது நமக்கு அளவு என்று நாமேதான் முடிவு செய்ய வேண்டும்.

என் கருத்து தெளிவானது: முதல் குரூசர் 350-க்குள் இருக்கட்டும். நான்குவழிச் சாலையில் மோட்டார்சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 350 சிசி வண்டி அந்த வேகத்தில் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும். சூப்பர் மீட்டியோர் 650-இன் 47 குதிரைத்திறன் உங்களைக் கூட்டிப்போகும் வேகத்துக்கு உங்கள் பிரேக் பழக்கம் இன்னும் வரவில்லை. எடையும் 241 கிலோ. சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் இரட்டைச் சிலிண்டரின் சூடு தொடையில் ஏறும். இரண்டு வருடம் கழித்து வாங்கினாலும் அந்த வண்டி அங்கேயேதான் இருக்கும்.

காசுக் கணக்கும் 350-இல்தான் உடைகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். முன்பு 28 சதவீதமும், 350-ஐத் தாண்டினால் அதோடு 3 சதவீதச் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தது. இன்ஷூரன்ஸிலும் அதே கோடுதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை வருடத்துக்கு 1,366 ரூபாய். அதற்கு மேல் 2,804 ரூபாய். ஒரு சிசி வித்தியாசத்தில் இவ்வளவு மாறுகிறது.

எந்த வண்டி

மீட்டியோர் 350-ஐத்தான் புதியவர்களுக்கு முதலில் சொல்வேன். பழைய தண்டர்பேர்டின் இடத்தில் 2020 நவம்பரில் வந்தது. 15 லிட்டர் டேங்க், முன்னும் பின்னும் டிஸ்க், இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அலாய் வீல், டியூப்லெஸ் டயர், தரையிலிருந்து 170 மி.மீ. இடைவெளி. நம் வேகத்தடைகளில் அடி தட்டாது. ஃபுட்ரெஸ்ட் முன்னால் இருந்தாலும் ஒரேயடியாக நீட்டாமல் அளவாக இருக்கும். இன்னொன்று, ராயல் என்ஃபீல்டு 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கி இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறது. அதனால் தமிழ்நாட்டில் சின்ன டவுனில்கூட அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவர் இருப்பார்.

உயரம் குறைவானவர்களுக்கும் பட்ஜெட் இறுக்கமானவர்களுக்கும் பஜாஜ் அவெஞ்சர். 220 சிசி வண்டி 163 கிலோதான், சீட்டும் தாழ்வு. பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். இழுவை வர இன்ஜினைக் கொஞ்சம் சுற்ற விட வேண்டும். ஆனாலும் பழகுவதற்கு இதைவிடப் பயம் குறைந்த குரூசர் இல்லை. நான் கற்றுக்கொடுத்த பெண்களில் பலர் இதில்தான் தொடங்கினார்கள்.

ஜாவா 42 பாபர், பேராக் இரண்டும் கண்ணைப் பறிக்கும். 334 சிசி, தண்ணீரால் குளிரும் இன்ஜின். ஆனால் சீட் ஓட்டுபவருக்கு மட்டும். நோட்டில் அம்மா இருந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிடலாம்.

கிளாசிக் 350, ஹோண்டா ஹைனெஸ் சிபி350 இரண்டும் குரூசர் அல்ல. கால் நேர் கீழே இருக்கும் வண்டிகள். முதுகு வலிக்காரர்கள் இவற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஹைனெஸ் 181 கிலோதான், 3000 சுற்றிலேயே 30 நியூட்டன் மீட்டர் இழுவை. சீட் 800 மி.மீ. என்பதால் கால் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கவாசாகி எலிமினேட்டர் விதிவிலக்கு. 451 சிசி, ஆனால் 176 கிலோ, 735 மி.மீ. சீட். உடம்புக்கு எளிதான வண்டி. விலைக்கும் சர்வீஸ் சென்டர் தூரத்துக்கும் எளிதல்ல.

நிறம், குரோம், விண்ட்ஷீல்டு இவையெல்லாம் கடைசியில். பிடித்ததை எடுங்கள்.

டெஸ்ட் டிரைவ்: நேர்ச்சாலை வேண்டாம்

ஷோரூம்காரர்கள் அகலமான மெயின் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போய் வரச் சொல்வார்கள். அதில் எல்லா வண்டியும் சொர்க்கம். நீங்கள் வழியைத் தீர்மானியுங்கள். ஒரு சிக்னல், ஒரு யூ-டர்ன், இரண்டு வேகத்தடை, ஒரு மேம்பாலம் ஏற்றம், ஒரு சந்து. இருபது நிமிடமாவது வேண்டும். கூட ஒருவரைப் பின்னால் உட்கார வைத்தும் ஒரு சுற்று. அம்மா சேலையில் ஏறி உட்கார முடிகிறதா, சேலை கார்டு இருக்கிறதா, பிடிகம்பி கைக்கு எட்டுகிறதா என்று அவரையே கேளுங்கள். அக்கா ஒரு வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, “இதுல நான் கோயிலுக்கு வரமாட்டேன்டா, பின்சீட்டு சறுக்குது” என்று சொன்னாள். அந்த வண்டி அன்றோடு போயிற்று.

ஸ்பிளெண்டர் மாதிரி வண்டியிலிருந்து வருபவர்கள் கியரில் கவனமாக இருங்கள். அதில் எல்லாக் கியரும் முன்னால் மிதித்தால் விழும். இவற்றில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே. பதற்றத்தில் கால் பழைய பழக்கத்தையே செய்யும்; மூன்றாவதுக்குப் போக நினைத்து முதலுக்கு இறக்கிவிட்டால் பின்சக்கரம் இழுத்துப் பிடிக்கும். கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே கிளட்சைப் பிடித்துப் பத்து முறை “கீழே ஒன்று, மேலே நாலு” என்று காலுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை: கிளட்ச் லீவரை ஒரு சிக்னல் முழுக்கப் பிடித்தால் இடதுகை மணிக்கட்டு வலிக்கிறதா? ஆக்சிலேட்டர் கொடுக்காமல் முதல் கியரில் நடை வேகத்தில் வண்டி நேராகப் போகிறதா? யூ-டர்னில் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது வெளிப்பக்கக் கை எட்டாமல் நீள்கிறதா? நீண்டால், உங்கள் கைக்கு அந்த ஹேண்டில் அகலம். ஹேண்டிலைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். 80-இல் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் தெரிகிறதா, அல்லது அதிர்வில் கலங்குகிறதா?

ஏபிஎஸ் பற்றி ஒரு சொல். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் சட்டத்துக்கு ஒரு சக்கரம் போதும். கனமான வண்டி, பின் பிரேக்கை அழுத்தி மிதிக்கும் நம் பழக்கம், மழைக்காலச் சாலை, மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் உள்ளதை எடுப்பதே நல்லது. கம்பிச் சக்கரம் அழகு; ஆனால் பெரும்பாலும் உள்ளே டியூப். இரவு எட்டு மணிக்குப் பைபாஸில் பஞ்சரானால் 190 கிலோவை எங்கே தள்ளிக்கொண்டு போவது?

பழைய வண்டி என்றால்

முதல் குரூசர் பழையதாக இருப்பதில் தவறே இல்லை. கீழே போட்டாலும் மனம் அவ்வளவு வலிக்காது. விற்பவரிடம், நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இன்ஜினில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஏதோ கோளாறு, அதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் பற்சக்கரத்தில் பல் கூர்மையாகிக் கொக்கி போல வளைந்திருப்பது, ஃபுட்ரெஸ்ட் நுனியிலும் லீவர் நுனியிலும் உரசல். இந்த உரசல் வண்டி விழுந்த கதையைச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் மேல் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருடத்து டயரை மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று நீங்களே குனிந்து படியுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் அடைத்த சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. நிலுவை அபராதம் இருக்கிறதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். கத்துகிற சைலன்சர் மாட்டிய வண்டியை விட்டுவிடுங்கள். அதை மாட்டியவர் இன்ஜினையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

ஆன்-ரோடு விலைச் சீட்டு

விளம்பரத்தில் இருப்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். இவை தவிர்க்க முடியாதவை. இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே ஒரு விலை கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். எனக்கு ஒரு இடத்தில் கொடுத்த சீட்டில் நான் கேட்காத பாலிஷ், கவர், “ஹேண்டிலிங்” என்று ஏழெட்டு வரி இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து “இது எதுக்கு?” என்று கேட்டதில் பாதி போயிற்று. லெக் கார்டு மட்டும் கேட்டு வாங்குங்கள். நின்ற இடத்தில் சாயும் வண்டியில் டேங்கையும் உங்கள் காலையும் காப்பது அதுதான்.

தலைக்கவசத்துக்கும் ஷூவுக்கும் கையுறைக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஐஎஸ்ஐ முத்திரையும் IS 4151 என்ற எண்ணும் உள்ள, முகம் மூடும் தலைக்கவசம், இரண்டு. பின்னால் வருபவரின் தலையும் தலைதான்.

உரிமம் இன்னும் எடுக்காதவர்கள் வண்டியை புக் செய்யும் முன்பே எல்.எல்.ஆர். போட்டுவிடுங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும். 30 நாள் கழித்துத்தான் எட்டு போட முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எட்டுக்கு யாரிடமாவது 100 சிசி வண்டியை வாங்கிக்கொண்டு போங்கள். நீண்ட வீல்பேஸ் வண்டியில் அந்தச் சின்ன எட்டில் தேவையில்லாத சோதனை.

முதல் மாதம்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளில்லாத மைதானம். மூன்று பழக்கம் போதும்.

முதலாவது, ஆமை வேகம். இரண்டு செருப்பை முப்பதடி இடைவெளியில் வைத்து, அந்தத் தூரத்தை எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் கடங்கள். கால் தரையில் படக் கூடாது. ஆக்சிலேட்டர் ஒரே அளவு, கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் லேசாகக் கால். இது கைவந்தால் நெரிசல் பயம் பாதி போய்விடும்.

இரண்டாவது, யூ-டர்ன். சக்கரத்தைப் பார்த்தால் சக்கரம் பார்த்த இடத்தில் விழும். கழுத்தை முழுதாகத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். அக்கா மகனுக்கு இதுதான் பிடிபடாமல் இருந்தது. மைதானத்தின் மறுகோடியில் நான் நின்றுகொண்டு, “என் சட்டைப் பட்டனைப் பாத்துக்கிட்டே திரும்பு” என்றேன். இருபது அடிக்குள் திரும்பினான்.

மூன்றாவது, பிரேக். 30-இல் தொடங்கி, பிறகு 40, 50. முன் பிரேக்கை இரண்டு விரலால் பிழிவது போல அழுத்தம் கூட்டிக்கொண்டே போங்கள், கூடவே பின் பிரேக். நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதைத் தொட பயந்தவர்கள் தேவைப்படும் நாளில் தொட மாட்டார்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். அந்தத் துடிப்பு எப்படி இருக்கும் என்று மைதானத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டில் முதல்முறை துடித்தால் கையை விட்டுவிடுவீர்கள்.

முதல் 500 கிலோமீட்டருக்கு இன்ஜினை விரட்டாதீர்கள். ஒரே வேகத்திலும் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப் போட வேண்டாம்.

முதல் வெளியூர்ப் பயணம் மலையாக இருக்கக் கூடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. குரூசரில் ஃபுட்ரெஸ்ட் தாழ்வு. சாய்த்துத் திருப்பினால் தரையில் உரசும், உரசிய சத்தத்தில் புதியவர் பதறி வண்டியை நிமிர்த்தி எதிர்ப்பக்கம் போய்விடுவார். மூன்று மாதம் போகட்டும். நாங்கள் தஞ்சாவூர் போனோம், போய் வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி இடுப்பை நிமிர்த்தி, பெரிய கோயில் முன்னால் டீ குடித்துவிட்டு, வெயில் ஏறும் முன் திரும்பிவிட்டோம். அவன் மீட்டியோரில், நான் பின்னால் என் வண்டியில். வல்லம் தாண்டி ஒரு லாரி திடீரென்று பாதை மாறியபோது அவன் முன் பிரேக்கைப் பிழிந்த விதத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். பின்விளக்கு எரிந்தது, முன்பக்கம் தாழ்ந்தது, வண்டி நேராகவே நின்றது.

வீட்டுக்கு வந்ததும் செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட வேண்டும். அப்போதுதான் உள்ளே இறங்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, கைக்கு எட்டும் அளவு செயினுக்கு உள்பக்கமாகத் தெளித்து, வண்டியை ஒன்றரை அடி தள்ளி, மறுபடி தெளித்து, மறுபடி தள்ளி. ஆறடிச் சரிவுக்கு மேலே, வாசலில், அவன் ஒற்றை ஆளாக அதைச் செய்துகொண்டிருந்தான்.